புதிய கிரவுண் செடான்: ஏ9 வீதிக்கு ராஜா, ஒழுங்கைக்கு?

இலங்கையில் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் தொடங்கியதில் இருந்து என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி, "டொயோட்டா கிரவுண் எடுக்கலாமோ?" என்பதுதான். கேட்பவர்கள் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள். டொயோட்டாவின் சிறிய செடான்களான பிரிமியோவையோ அலியனையோ நீண்ட காலம் பத்திரமாக வைத்து ஓடியவர்கள். பிள்ளைகள் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார்கள். வயதான தாய் தகப்பனை வைத்தியரிடம் காட்டக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போய்வர வேண்டியிருக்கும். இவ்வளவு காலம் உழைத்தாயிற்று, இனி ஒரு நல்ல பெரிய காரில் போய்வருவோம் என்று நினைக்கிறார்கள். அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் கோடிக்கணக்கில் காசு போடுகிற விஷயம். தொலைபேசியில் அரைகுறையாகச் சொல்லி முடிப்பதைவிட எழுதியே வைத்துவிடலாம் என்று பட்டது.

கொழும்பில் தொழில் செய்யும் உறவினர் ஒருவர் புதிய கிரவுண் செடானில் கல்யாண வீடொன்றுக்கு ஊருக்கு, யாழ்ப்பாணத்துக்கு, வந்திருந்தார். அந்த நாட்களில் அதை ஓட்டவும், பின்சீற்றில் இருந்து தெற்கே போகும் ஏ9 வீதியால் போகவும், நல்லூரைச் சுற்றியுள்ள ஒழுங்கைகளுக்குள் திருப்பிப் பார்க்கவும் எனக்கு வாய்த்தது. நான் சொல்லப்போவது முக்கியமாக அந்த அனுபவத்தை வைத்துத்தான்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். இப்போது கிரவுண் என்றால் ஒரு கார் இல்லை. 1955 இல் ஜப்பானில் வந்த முதலாவது கிரவுணில் இருந்து தலைமுறை தலைமுறையாக அது ஒரு செடானாகத்தான் அறியப்பட்டது. 2022 ஜூலையில் டொயோட்டா பதினாறாவது தலைமுறையை அறிமுகம் செய்தபோது அந்த வழக்கத்தை உடைத்து, ஒரே பெயரில் நாலு உடம்பு என்று அறிவித்தது. அந்த வருடம் செப்டெம்பரில் குரோஸ்ஓவர் வந்தது. 2023 ஒக்டோபரில் ஸ்போர்ட், நவம்பரில் செடான், 2025 மார்ச்சில் எஸ்டேட். நாலும் பார்வைக்கும் வேறு, ஓட்டத்துக்கும் வேறு. குரோஸ்ஓவருக்கும் செடானைப் போலத் தனி டிக்கிதான் என்பதால், படத்தை மட்டும் பார்த்துவிட்டு இரண்டையும் ஒன்று என்று நினைப்பவர்கள் பலர். இறக்குமதிக்காரர் "புதுக் கிரவுண் ஒன்று இருக்கு" என்று சொன்னால், எது என்று கேளுங்கள்.

செடான்தான் நாலிலும் பெரியது. நீளம் 5,030 மில்லிமீற்றர், அகலம் 1,890, உயரம் 1,475, முன் பின் சில்லுகளுக்கு இடைப்பட்ட தூரம் முழுதாக மூன்று மீற்றர். எங்கள் ஊர் முழுக்க ஓடுகிற பிரிமியோவின் அகலம் 1,695 மில்லிமீற்றர்தான். ஜப்பானில் 1,700 ஐத் தாண்டினால் அடுத்த வகுப்புக்குப் போய்விடும் என்பதால் அந்த எல்லைக்குள்ளேயே அதைச் செய்தார்கள். கிரவுணும் முன்பு அகலத்தில் கட்டுப்பாடாகத்தான் இருந்தது. 2018 இல் வந்த பதினைந்தாவது தலைமுறை 4,910 மில்லிமீற்றர் நீளத்துக்கு வளர்ந்தும், ஜப்பானின் ஒடுங்கிய தெருக்களையும் அடுக்குத் தரிப்பிடங்களையும் நினைத்து அகலத்தை 1,800 இல் நிறுத்தியது. புதிய செடான் அந்தக் கணக்கைக் கைவிட்டுவிட்டது. பிரிமியோவைவிட ஏறக்குறைய இருபது சென்ரிமீற்றர் அகலம். பக்கக் கண்ணாடிகள் அதற்கு வெளியே.

இந்த அகலம் ஏ9 இல் உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஆனையிறவு தாண்டிக் கிளிநொச்சிப் பக்கம் போகும்போது இரண்டு பக்கமும் வெளி. எதிரே பஸ் வந்தாலும் நெஞ்சு இடிக்காது. அதே கார் திருநெல்வேலியிலோ கொக்குவிலிலோ ஒரு ஒழுங்கைக்குள் நுழைந்தால் கதை மாறும். ஒரு பக்கம் மதில், மறுபக்கம் கிடுகு வேலியோ தகர வேலியோ, நடுவில் வந்து நிற்கும் ஒரு ஓட்டோ. ஓட்டோக்காரத் தம்பி பின்னுக்கு எடுத்துத் தந்தால்தான் வழி. நேரே போவதற்குக்கூடச் சமாளிக்கலாம். கஷ்டம் படலையில் திரும்பும்போதுதான். பத்தடிக் கேற் என்றாலும் ஒழுங்கையும் பத்தடிதான் என்றால், ஐந்து மீற்றர் நீளமான கார் ஒரே வளைப்பில் உள்ளே போகாது. முன்னுக்கும் பின்னுக்குமாக எடுத்து எடுத்துத்தான் போக வேண்டும். எங்கள் உறவினர் ஒவ்வொரு முறையும் ஒருவரைக் கீழே இறக்கி மதிலைப் பார்க்கவிட்டுத்தான் உள்ளே எடுத்தார்.

இன்னொன்றும் இருக்கிறது, அதை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. மழைக்காலத்தில் வெள்ளம் வளவுக்குள் வரக்கூடாது என்று நாங்கள் வீட்டு நிலத்தை உயர்த்திக் கட்டுகிறோம். வெள்ள வாய்க்காலுக்கு மேலே கொங்கிறீற் பிளேற் போட்டு, அதிலிருந்து சரிவாக ஏறித்தான் படலைக்குள் போக வேண்டும். சில்லுகளுக்கு இடையில் மூன்று மீற்றர் உள்ள தாழ்வான கார் அந்த மேட்டில் ஏறும்போது முன் சில்லு உள்ளேயும் பின் சில்லு வீதியிலுமாக நிற்கும்; வயிறு நடுவில் மேட்டுக்குக் கிட்ட வரும். காரில் ஆட்கள் நிறைந்திருந்தால் இன்னும் பதியும். கல்யாண வீட்டில் எல்லோரையும் வாசலிலேயே இறக்கிவிட்டுத்தான் உள்ளே எடுத்தார்கள். வாங்க நினைப்பவர்கள் கேற்றின் அகலத்தை மட்டும் அளந்தால் போதாது. சரிவின் உச்சியில் ஒரு நேரான பலகையை வைத்து, அதன் இரு பக்கமும் நிலம் எவ்வளவு கீழே போகிறது என்று பாருங்கள். சரிவை நீட்டிப் போட மேசனுக்குக் கொடுக்கும் காசு, காருக்கு அடியில் வரும் செலவோடு பார்க்கும்போது ஒன்றுமில்லை.

இனிப் பின்சீற். மனதாரச் சொல்கிறேன், இந்தக் காரின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

டொயோட்டா இதைச் சாரதி வைத்து ஓடுகிறவர்களுக்காகவே செய்திருக்கிறது. டொயோட்டாவின் ஐதரசன் காரான மிராயின் இரண்டாவது தலைமுறை அடித்தளத்தை எடுத்து, சில்லுகளுக்கு இடைப்பட்ட தூரத்தை 80 மில்லிமீற்றர் நீட்டியிருக்கிறார்கள். நீட்டிய இடத்தின் பலனைப் பின்னால் இருப்பவர்தான் அனுபவிக்கிறார். சாய்மானத்தைச் சுவிச்சால் சரிக்கலாம். சீற்றுக்குள் சூடும் குளிரும் இருக்கிறது. சூடு எங்களுக்கு எதற்கு, ஆனால் குளிர்காற்று முதுகுப் பக்கம் வருவதன் அருமை வவுனியாவில் மத்தியான வெயிலில் தெரியும். நடுக் கைதாங்கியில் இருக்கும் தொடுதிரையால் முன்னால் இருப்பவரைக் கேட்காமலே ஏசியையும் திரைச்சீலையையும் மாற்றலாம். ஓட்டும் முறைகளில் "ரியர் கம்போட்" என்று ஒன்று சேர்த்திருக்கிறார்கள். அதைப் போட்டால் சஸ்பென்ஷன் பின்னால் இருப்பவரின் சுகத்துக்காக இளகுகிறது. ஏ9 நல்ல வீதி என்றாலும் சில பாலங்களின் இணைப்புகளில் ஒரு துள்ளல் இருக்கும். மற்றக் கார்களில் இரண்டு தரம் ஆடி நிற்பது, இதில் ஒரு முறை மெல்ல எழும்பி அடங்கிவிடுகிறது.

முழங்கால் வருத்தமுள்ள மாமி ஒருவர் எங்களோடு கொழும்புக்கு வந்தார். வழக்கமாக வானில் போனால் முறிகண்டியிலும் வவுனியாவிலும் இறங்கி நடந்தால்தான் அவருக்கு ஆறும். இந்த முறை முறிகண்டிப் பிள்ளையாருக்கு மட்டும் இறங்கினார். பிறகு காலை நீட்டிக்கொண்டு நித்திரை. புத்தளம் கடந்த பிறகுதான் "எவ்விடம் தம்பி நிக்கிறம்?" என்று கேட்டார்.

ஆனால் இறங்கும்போது பார்க்க வேண்டும். சீற் தாழ்வு. கதவுக்குக் கீழே கால் தாண்ட வேண்டிய விளிம்பும் அகலம். மாமி ஒரு காலை வெளியே வைத்துவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு எழும்பப் பார்த்து முடியாமல் மறுபடி இருந்துவிட்டார். "இருந்தா சொர்க்கம்தான் தம்பி, எழும்பத்தான் ஏலாமக் கிடக்கு" என்றார். இரண்டு பேர் கை கொடுத்துத்தான் எழுப்பினோம். சேலை கட்டிய வயதானவர்களுக்கும் முழங்கால் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கும் இது சின்ன விஷயம் இல்லை. 1,540 மில்லிமீற்றர் உயரமுள்ள குரோஸ்ஓவரில் இருப்பிடமும் அதற்கேற்ப உயரம். கதிரையில் இருந்து எழும்புவதுபோல எழும்பலாம். பின்சீற் சுகத்தில் செடானுக்குக் கிட்டவும் அது வராது என்பதும் உண்மை.

ஓட்டுகிறவருக்கு எப்படி? இரண்டு தொன் எடையுள்ள கார் என்று கையில் தெரிவதில்லை. 2.5 லீற்றர் நாலு சிலிண்டர் பெற்றோல் என்ஜினோடு மின்மோட்டர் சேர்ந்து மொத்தம் 245 குதிரைவலு. உந்துவது பின் சில்லு. டொயோட்டாவின் சாதாரண ஹைபிரிட்டில் காலை அழுத்தினால் என்ஜின் முதலில் கத்தும், வேகம் பிறகு வரும். இதில் ஹைபிரிட் அமைப்போடு ஒரு கியர் கட்டமைப்பையும் சேர்த்திருக்கிறார்கள். 2017 இல் லெக்சஸின் பெரிய கார்களில் ஆறு சிலிண்டர் என்ஜினோடு வந்ததை, இங்கேதான் முதன்முதலாக 2.5 என்ஜினோடு பொருத்தினார்கள். லொறியை முந்தும்போது வித்தியாசம் விளங்கும். சத்தமும் வேகமும் சேர்ந்து எழும்புகின்றன. அப்புறம், எங்கள் வீதிகளில் கார்களுக்கு 70 கிலோமீற்றர்தான் எல்லை. அந்த வேகத்தில் இந்தக் கார் மூச்சுக்கூட விடுவதில்லை. வலு போதாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எரிபொருள் கணக்கு பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஜப்பானியச் சோதனை முறையில் லீற்றருக்கு 18 கிலோமீற்றர். ஏசியை முழுவதும் போட்டுக்கொண்டு ஊருக்குள் ஓடும்போது அவ்வளவு வராது. பதினாலு என்றே வைத்துக்கொள்வோம். ராங்கியில் 82 லீற்றர் பிடிக்கும். யாழ்ப்பாணத்தில் நிரப்பினால் கொழும்புக்குப் போய், அங்கே சுற்றி, திரும்பி வந்தாலும் மிச்சம் இருக்கும். 2022 இல் பெற்றோலுக்காக வரிசையில் படுத்துக் கிடந்தவர்களுக்கு, காருக்குக் கிழமைக்கு இருபது லீற்றர் என்று கியூஆர் அட்டை காட்டி வாங்கியவர்களுக்கு, இந்த ராங்கியின் அருமை விளங்கும்.

எரிபொருள் என்றதும் எங்கள் ஊர்க் கார்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட், கேம்பிறிட்ஜ். தொண்ணூறுகளில் பெற்றோலுக்குத் தடை இருந்தபோது, காபரேற்றருக்குள் துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டி, நோயாளிகளையும் பிரேதங்களையும் மணப்பெண்களையும் ஏற்றிய கார்கள் அவை. அந்த என்ஜின்களின் அமுக்க விகிதம், அதாவது எரியும் முன் கலவையை என்ஜின் எவ்வளவு அமுக்குகிறது என்ற அளவு, ஏழுக்கு ஒன்று அளவில்தான். அதனால்தான் மண்ணெண்ணெயையும் தாங்கின. கிரவுணின் என்ஜினில் அது பதினாலுக்கு ஒன்று. திறமான என்ஜின், ஆனால் கலப்படத்தைத் தாங்காது. நல்ல ஓட்டமுள்ள, நம்பிக்கையான பெற்றோல் செட்டிலேயே எப்போதும் அடியுங்கள். போத்தலில் விற்கும் பெற்றோலை அவசரத்துக்குக்கூட ஊற்ற வேண்டாம். அந்தப் பழைய கார்களைக் கட்டிக்காத்த மெக்கானிக்மார் இன்னமும் ஊரில் இருக்கிறார்கள், அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை. ஆனால் இந்தக் காரின் ஹைபிரிட் வயர்களில், கணினியில் பிழை பார்க்கும் கருவியும் அதற்கான பயிற்சியும் இல்லாதவர் கை வைக்கக் கூடாது. அது உயர் மின்னழுத்தம், ஆளையே கொல்லும்.

எங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக் கல்தான் அடியில். கிணற்றுத் தண்ணீரால் கழுவி வெயிலில் காயவிட்டால் வெள்ளைப் பொட்டுப் பொட்டாகப் படியும். கிரவுண் என்றால் கறுப்புத்தான் என்று பலர் கேட்கிறார்கள். கறுப்பில் அது அப்படியே தெரியும், போகப் போகப் பெயின்ற்றைத் தின்னும். எங்கள் உறவினரின் கார் வந்த மூன்றாம் நாளே பொனற்றில் தண்ணீர் வழிந்த கோடுகள் நின்றன. முன்பக்கத்து மெல்லிய விளக்குப் பட்டிதான் இந்த வடிவத்தின் அழகே. அதன் இடுக்குகளிலும் அந்த வெள்ளை பிடிக்கிறது. பிடித்து வைத்த மழைத் தண்ணீரால் கழுவுங்கள். இல்லாவிட்டால் கழுவியவுடன் நிழலில் வைத்துத் துடையுங்கள். வெள்ளையோ சாம்பலோ எடுத்தால் கவலை பாதி குறையும்.

உள்ளே 12.3 அங்குலத் திரைகள் இரண்டு. ஜப்பான் சந்தைக் கார் என்றால் பட்டியல்களும் குரலும் ஜப்பானிய மொழியில் இருக்கும், வானொலியில் எங்கள் அலைவரிசைகள் எல்லாம் எடுக்காது. தொலைபேசியை இணைத்தால் பாட்டும் வரைபடமும் ஓடும், ஆனால் காரின் எச்சரிக்கைச் செய்தி வந்தால் என்னவென்று வாசிக்க முடியாது. வாங்கும் முன்பே இதை விற்பவரோடு பேசித் தீருங்கள். காருக்குள் 1,500 வாற் மின்செருகி இருக்கிறது. கரண்ட் போனால் வீட்டுக்கு எடுக்கலாம் என்று கேள்விப்பட்டுச் சிலர் ஆசைப்படுகிறார்கள். அது 100 வோல்ற். எங்கள் வீட்டு மின்விசிறி 230. தகுந்த மாற்றி இல்லாமல் கொழுவ வேண்டாம்.

ஐதரசன் பதிப்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இதே செடான், ஐதரசனில் இருந்து மின்சாரம் எடுத்து ஓடும் எரிகலத்திலும் வருகிறது. வெளித்தோற்றம் ஒன்றுதான். ஜப்பானில் புதிதாக வந்தபோது ஹைபிரிட் 73 இலட்சம் யென், ஐதரசன் 83 இலட்சம் யென். இங்கே ஐதரசன் நிரப்ப இடமே இல்லை. பாவித்த கார் ஒன்று மலிவாகக் கண்ணில் பட்டால், ஆவணத்தில் மாதிரிக் குறியீட்டைப் பாருங்கள். ஏ-இஸட்-எஸ்-எச் 32 என்றால் ஹைபிரிட் செடான், கே-இஸட்-எஸ்-எம் 30 என்றால் ஐதரசன். ஏ-இஸட்-எஸ்-எச் 35 என்று இருந்தால் அது 2.5 என்ஜின் உள்ள குரோஸ்ஓவர்.

விலையை ஒரு தொகையாகச் சொல்ல மாட்டேன். யென் மாறும், வர்த்தமானி மாறும். ஆனால் எங்கே காசு போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். எங்கள் நாட்டில் உற்பத்தித் தீர்வை என்ஜினின் கொள்ளளவைப் பார்த்துக் கூடும். 2,487 சிசி என்ஜினுக்கு அது பிரிமியோவின் 1,500 சிசிக்கு வருவதைவிட மிக அதிகம். பெறுமதி ஓர் அளவைத் தாண்டினால் ஆடம்பர வரி. எல்லாவற்றுக்கும் மேலே 18 சதவீத வற் வரி. நீங்கள் கொடுக்கும் காசில் பெரும் பங்கு காருக்குப் போவதில்லை. இதே காசுக்கு பென்ஸ் ஈ வகுப்பையும் பிஎம்டபிள்யூ 5 ஐயும் பார்ப்பவர்கள் உண்டு. புதிய ஈ வகுப்பு 1,880 மில்லிமீற்றர் அகலம், புதிய 5 வரிசை 1,900. ஒழுங்கைப் பிரச்சினை அவற்றிலும் அப்படியேதான்.

சரி, எடுக்கலாமா? உங்கள் வீடு ஆஸ்பத்திரி வீதி, ஸ்ரான்லி வீதி மாதிரி அகலமான வீதியில் இருந்து, நிரந்தரச் சாரதி ஒருவரும் வைத்திருந்து, கொழும்புக்கு அடிக்கடி பின்சீற்றில் போகிறவர் என்றால் செடானை எடுங்கள். அந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான டொயோட்டா செடானை நான் காணவில்லை. நீங்களே ஓட்டுகிறீர்கள், வீடு ஒழுங்கைக்குள், தாய் தகப்பனுக்கு முழங்கால் வருத்தம் என்றால் குரோஸ்ஓவரைப் பாருங்கள். 4,930 மில்லிமீற்றர் நீளம், 1,840 அகலம். பின் சில்லும் சேர்ந்து திரும்புவதால் திரும்பும் ஆரை 5.4 மீற்றருக்குள் அடங்குகிறது. செடானில் அந்த வசதி இல்லை. 2.5 என்ஜினில் சோதனைக் கணக்கும் 22.4 கிலோமீற்றர். அதிலேயே 2.4 ரேர்போ பதிப்பும் இருக்கிறது, ஆனால் 70 கிலோமீற்றர் எல்லையுள்ள வீதிக்கு அந்த வலு தேவைப்படாது, எரிபொருளும் கூடக் கேட்கும். நாட்டுக்குள் ஏற்கனவே இருக்கிற பதினைந்தாவது தலைமுறைக் கிரவுண் ஒன்று நல்ல நிலையில் அகப்பட்டால் அதையும் தள்ளிவிட வேண்டாம். 1,800 மில்லிமீற்றர் அகலத்தில் பெரிய செடானின் சுகம் அதில் இருக்கிறது. ஹைபிரிட் பற்றரியின் நிலையை மட்டும் கருவி போட்டுப் பார்த்து, அந்த அறிக்கையைக் கையில் வாங்கிய பிறகு முற்பணம் கொடுங்கள்.